போர்டு மாட்டினவன்

அக்காவின் கணவர், என் மாமா, இறந்த பிறகு அவர் குரல் மிஞ்சியது ஒரே ஒரு வீடியோவில்தான். கம்ப்யூட்டர் வாங்கி வந்த அன்று எடுத்தது. எடுத்த போன் பெங்களூர் ரயிலில் தொலைந்துபோனது. அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றியதைத் தவிர வேறு நகல் கிடையாது. ஞாயிறு காலையில் அக்கா அதைப் போட்டுக் கேட்பாள். பிறகுதான் அடுப்புப் பற்றவைப்பாள்.

ஒரு ஞாயிறு, அக்கா ஏதோ பக்கத்தைத் திறந்தபோது திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. கூடவே சங்கு மாதிரி ஒரு சத்தம். ஸ்கெலட்டன் என்கிற எங்கள் சுரங்கக் காலனியில் அக்கா வீட்டுக்குப் பின்வரிசைதான் என் வீடு. அக்கா கூப்பிட்டதும் ஓடினேன், ஏதோ ஓடினால் சரியாகிவிடும் என்பதைப் போல.

பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே ஷிப்டு முடித்து அனுப்பிவிட்டது. இங்கிலீஷில் சிவப்பை மட்டும்தான் சரளமாகப் படிப்பேன். அக்கா படித்துச் சொன்னாள். வைரஸ் இருக்கிறதாம். அணைக்கக் கூடாதாம், அணைத்தால் எல்லாம் அழிந்துவிடுமாம். இந்த நம்பருக்குப் பேச வேண்டுமாம்.

எங்கள் அப்பா தங்கச் சுரங்கத்தில் கரண்ட் வேலை பார்த்தவர். கீழே ஆள் ஒயரில் கை வைத்திருந்தால் மேலே சுவிட்சில் சிவப்பு போர்டு தொங்கும். மாட்டினவன்தான் கழற்ற வேண்டும். துரையே வந்தாலும் தொடக் கூடாது. சுரங்கத்தை மூடினார்கள், அந்தச் சட்டத்தை எங்கள் வீடுகளில் யாரும் மூடவில்லை. ஃபேன் ரிப்பேர் பார்த்தால் இன்றைக்கும் மெயின் சுவிட்சில் சிவப்புத் துண்டு தொங்கும்.

"போர்டு மாட்டினவனையே கூப்டலாம்க்கா. அவன்தான கழட்டணும்," என்றேன்.

எடுத்தவன் இந்தியில் பேசினான். எனக்குப் படிப்புதான் இல்லை, மொழிக்குக் குறைவில்லை. ஐந்து மொழியில் ஏமாற முடியும். ஒரு புரோகிராமைப் போடச் சொன்னான். அக்கா போட்டாள். திரையில் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. நான் தொடாமல் நடக்கும் வேலை மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. வாய் பிளந்து பார்த்தேன். பேங்க் கார்டை எடுத்து வரச் சொன்னான், எழுந்தேன். எடுத்து வராவிட்டால் இதெல்லாம் போய்விடும் என்றான். அம்பு மாமாவின் பேர் போட்ட ஃபோல்டர் மேல் வந்து நின்றது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரண்ட்ட நிறுத்துடா."

"போர்டு கீதேக்கா."

"கீழ ஆளு கீறப்பதாண்டா போர்டு. இவன் கீழயா கீறான்? நம்ம ஊட்டுக்குள்ள கீறான்."

அவளே போய் பிளக்கைப் பிடுங்கினாள். நெட் ஒயரையும் பிடுங்கினாள். நான் போனில் இருந்தவனிடம் மரியாதையாக வணக்கம் சொல்லி வைத்தேன்.

அன்று முழுக்க அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மறுநாள் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிப்போனோம். கடைக்கார அம்மா நெட்டைக் கொடுக்காமலேயே திறந்து பார்த்தார். அவன் போடச் சொன்ன புரோகிராமை நீக்கினார். அந்தச் சிவப்புப் பக்கத்துக்குக் கொடுத்திருந்த அனுமதியை நிறுத்தினார். முழுசாக ஸ்கேன் ஓடவிட்டார். பாஸ்வேர்டு எல்லாவற்றையும் வேறு போனிலிருந்து மாற்றச் சொன்னார்.

"செவப்பு வெறும் படம்ங்க," என்றார். "மூடியிருந்தா போயிருக்கும். உள்ள இருந்த திருட்டு ஒண்ணுதான். அது நீங்க போட்டது."

நான் கடைக்கு வெளியே நின்ற பஸ்ஸைப் பார்த்தேன்.

மாமா பேர் போட்ட ஃபோல்டரை அக்கா விரலால் காட்டினாள். அந்த அம்மா திறந்தார். வீடியோவில் புது அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் மாமா நின்றிருந்தார். ஓரத்தில் என் கை நீண்டது.

"மச்சான், அத்த தொடாத. நீ தொட்டா வெளங்காது."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. அக்கா இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு, பென்டிரைவில் ஏற்றித் தரும்படி கேட்டாள். அது வந்ததும் என்னிடம் தரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.