வரிசையின் கடைசி கேன்

பழிவாங்கத்தான் கம்ப்யூட்டர் படித்தேன். வேலைக்கான நேர்காணல்களில் இதைச் சொல்ல முடியாது என்பதால் அங்கே வேறு காரணங்கள் சொன்னேன்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே எங்கள் ஊர். பால் சென்டர் மேல்தெருவில் இருந்தது. கீழ்த்தெருவில் எங்கள் யாருக்கும் நிலம் கிடையாது. கடனில் ஆளுக்கொரு மாடு வந்த பிறகுதான் நாங்களும் பால் ஊற்றப் போனோம். மேல்தெருக் கேன்கள் எல்லாம் முடிந்த பிறகே எங்கள் முறை வரும். எந்தப் பலகையிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. முன்னால் ஊற்றினாலும் பின்னால் ஊற்றினாலும் எல்லாப் பாலும் ஒரே டேங்கரில்தான் போகும் என்று யாரும் வாய் திறந்ததும் இல்லை. எங்கள் தெருவுக்குள்ளும் என் அம்மாதான் பெரும்பாலும் கடைசி. கடலைக் காட்டில் கூலி முடித்து வந்துதான் மாட்டைக் கறப்பாள்.

சென்டர் செக்ரட்டரிதான் அங்கே எல்லாம். நாம் நம் கார்டைக் காட்ட வேண்டும், அவர் கேனைத் தராசில் வைப்பார், எடை கம்ப்யூட்டரில் ஏறும். மறுநாள் சீட்டு தருவார். நான் பத்தாவது படித்தபோது, அந்தக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், ஒரு வாரம் அம்மாவின் சீட்டில் மாலைப் பாலையே காணோம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் பார்த்துச் சொன்னேன். என்னையும் கூட்டிக்கொண்டு சென்டருக்குப் போனாள்.

"ஐயா, சாயந்திரப் பாலு ஏறவே இல்ல. நான் தெனம் ஊத்திக்கினுதானே இருக்கேன்?"

"கம்ப்யூட்டர்ல பேரு லேது. அது என்னா எனக்கு மாமனா மச்சானா, எனக்காவப் பொய் சொல்ல?"

வரிசையில் சிரித்தார்கள்.

"உங்க கண்ணு முன்னாடிதானே ஊத்துனேன்?"

"ஏ, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. சோத்துக்கு இல்லாத வாயிதான் சொல்லும். போ, போ."

அம்மா போகவில்லை. மறுநாளும் போய்க் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாள் அவர் மேசையிலிருந்து கத்தரியை எடுத்து, அத்தனை பேர் பார்க்க அவள் கார்டை இரண்டாக வெட்டிக் கீழே போட்டார். அம்மா குனிந்து இரண்டு துண்டையும் பொறுக்கிக்கொண்டாள். பால் ஊற்ற வழியில்லாமல் மாட்டை விற்றோம். அம்மா சித்தூர்ப் பக்கம் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போனாள். தோல் சீவிச் சீவி அவள் விரலிடுக்குகள் வெந்திருக்கும். அந்தக் கூலியில்தான் திருப்பதியில் என்ஜினியரிங் படித்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்.

மூன்றாம் வருஷம் கல்லூரி லேபில் ஒரு வலைத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் படித்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களை அதில் திறந்து வைத்திருந்தார்கள். ஒன்றின் மேலே, கழுத்தில் மணி கட்டிய சின்னப் பசு படம். எனக்கு அந்தப் பசுவைத் தெரியும். செக்ரட்டரி கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் முதலில் வருவது அதுதான்.

மூன்று வாரம் அந்த நிரலை வரி வரியாகப் படித்தேன். ஒருவர் ஊற்றிய பாலை அது உடனே எழுதுவதில்லை. நினைவில் வைத்திருந்து, அடுத்தவர் கார்டைக் காட்டும்போதுதான் எழுதும். கடைசி ஆளுக்கு அடுத்தவர் இல்லை. வேலை முடிந்ததும் 'மூடு' பொத்தானை அழுத்தினால்தான் அவர் கணக்கில் ஏறுவார். எங்கள் செக்ரட்டரி அந்தப் பொத்தானை அழுத்தி நான் பார்த்ததே இல்லை. டேங்கர் ஹாரன் கேட்டதும் சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சை இழுத்துவிடுவார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதை எழுதி அனுப்பினேன். என் பெயரைப் போடவில்லை, ஊரைப் போட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. பதிலின் கீழே இருந்த பெயர் எங்கள் செக்ரட்டரியின் மகனுடையது! பெங்களூரில் வேலை செய்யும் அவர், அந்த மென்பொருளுக்கு வரும் புகார்களைப் பார்க்கும் தன்னார்வலர்களில் ஒருவர். 'இது மென்பொருளின் பிழை அல்ல. அந்த ஊர் எனக்குத் தெரியும். ஊற்றாத பாலுக்குப் பெயர் கேட்கிறவர்கள் அங்கே உண்டு' என்று எழுதிப் புகாரை மூடியிருந்தார்.

நான் மறுபடி எழுதவில்லை. திருத்தத்தை மட்டும் எழுதி வைத்துக்கொண்டேன். நான்கே வரி.

நான் திருப்பதியிலேயே ஒரு சின்ன ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குள் கரண்ட் நிலையில்லாத வேறு பல நாடுகளிலிருந்தும் 'ஒருவர் பால் காணாமல் போகிறது' என்று புகார்கள் குவிந்தன. அந்த மென்பொருளை நம்பியிருந்த சின்னச் சின்னப் பால் சங்கங்கள் தங்களால் ஆனதைப் போட்டுப் பொதுவில் ஒரு தொகை சேர்த்தன. அதற்குப் பவுன்டி என்று பெயர். தேடப்படும் திருடனின் தலைக்கு வைப்பதுபோல ஒரு பிழையின் தலைக்கு வைத்த விலை. பிழையைத் திருத்துகிறவர் ஏதாவது ஒரு பால் சென்டரில், பணம் போட்டவர்கள் வீடியோவில் பார்க்க, ஓட்டிக் காட்ட வேண்டும். அவர்கள் கை தூக்கினால் தொகை அவருக்கு.

அந்தத் தொகையை நான் கேட்பதற்கு முன்பே செக்ரட்டரி மகன் கேட்டுவிட்டார். இரண்டு கார்டுகளை அடுத்தடுத்து வேகமாகக் காட்டுவதால் வரும் குழப்பம் இது என்பது அவர் கண்டுபிடிப்பு. நடுவே அரை நொடி இடைவெளி போட்டிருந்தார். சொந்த ஊர் சென்டரிலேயே ஒரு வாரம் தன் வீட்டுக் கேனை வைத்துச் சோதித்தாராம், ஒரு சொட்டுகூடக் காணாமல் போகவில்லையாம். அவர்கள் வீட்டுக் கேன்தான் தினமும் முதல் கேன். பிறந்ததிலிருந்து அந்த வரிசையில் வேறு எங்கும் நின்றதில்லை. வேறு இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

அவர் எழுதியதைப் படித்த அன்றே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதே சென்டரில் ஓட்டிக் காட்ட நாள் குறிக்கட்டும், ஃப்ளெக்ஸ் வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த நாளுக்கு லீவு போட்டு, வடமாலபேட்டை வழியாகப் போகும் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். மாம்பழ சீசன் முடிந்து அம்மாவும் ஊரில்தான் இருந்தாள்.

"வேணான்டி, வம்பு," என்றாள் அம்மா.

"ஊத்துறது மட்டும் உன் வேல. பேசுறது என் வேல."

பக்கத்து வீட்டு அக்கா தன் கார்டையும் கேனையும் கொடுத்தாள். "என் கார்டயும் அந்தாளு கத்தரிச்சான்னா, மாட்ட இஸ்துக்கினு வந்து உங்கூட்டு வாசல்லதான் கட்டுவேன். நீயே தீனி போடு."

சென்டரில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுயர ஃப்ளெக்ஸ். மகன் தோளில் சால்வை. அவருடைய லேப்டாப்பில் பத்துப் பன்னிரண்டு வெளிநாட்டு முகங்கள். மேல்தெரு ஊற்றியது. பிறகு கீழ்த்தெரு. கடைசியாக அம்மா ஊற்றினாள். திரையில் ஆறு லிட்டர் என்று வந்தது. மகன் லேப்டாப்பைப் பார்த்து நன்றி சொல்லத் தொடங்கினார். டேங்கர் ஹாரன் அடித்தது. இத்தனை வருஷப் பழக்கம். செக்ரட்டரியின் கை தானாகப் போய் மெயினை இழுத்தது.

ஃபேன் நின்றது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. நான் அதன் முன்னால் போய் ஆங்கிலத்தில் சொன்னேன்: "மறுபடி போடச் சொல்லுங்கள். கடைசியாக ஊற்றியவரின் பால் இருக்கிறதா என்று பாருங்கள்."

"யாரும்மா நீ?" என்றார் மகன்.

"கீழ்த்தெரு, சார்."

லேப்டாப் திரையில், தன் மாட்டுக் கொட்டகை முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு வெளிநாட்டுக் கிழவி, போடுங்கள் என்றாள். போட்டார்கள். மணி கட்டிய பசு வந்தது, பட்டியல் வந்தது. ஆறு லிட்டரைக் காணோம்.

"கார்டைச் சரியாகக் காட்டவில்லை போல," என்று ஆங்கிலத்தில் சொன்னார் மகன்.

"அந்தப் பெண் ஊற்றியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோமே," என்றாள் கிழவி. பிறகு என்னிடம், "இது காணாமல் போகும் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

நான் அவசரப்படவில்லை. வரிசை, தெரு, சுவிட்ச், சீட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கத்தரியையும் சொன்னேன். பிறகு என் நான்கு வரியை ஏற்றினேன். டேங்கரில் இன்னும் கொட்டாமல் இருந்த அதே கேனை மறுபடி தராசில் வைத்து அதே கார்டைக் காட்டினாள் அம்மா. இந்த முறை மெயினை நானே இழுத்தேன். மறுபடி போட்டபோது ஆறு லிட்டர் இருந்தது. லேப்டாப்பில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. மகன் சால்வையை எடுத்து மடித்தார். அதை மடிக்க அவருக்கு நெடுநேரம் ஆனது. முழுவதையும் நின்று பார்த்தேன்.

திருத்துகிறவர் திருத்தத்தோடு ஒரு குறிப்பு எழுத வேண்டும். நான் எழுதினேன்: 'எங்கள் ஊரில் ஒரு தெரு எப்போதும் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். அதனால் இந்தப் பிழை அந்தத் தெருவின் மேல் மட்டுமே விழுந்தது. முதலில் சொன்ன பெண்ணின் கார்டை சென்டர் செக்ரட்டரி கத்தரியால் வெட்டினார். பிறகு எழுத்தில் வந்த புகாரை மூடியவர் அவர் மகன்.'

பத்து நாள் கழித்து நான் ஊருக்கு வந்திருந்தபோது செக்ரட்டரி புதுக் கார்டோடு எங்கள் வாசலில் நின்றார்.

"அந்த நோட்ட எடுத்துடும்மா. பெங்களூர்ல அல்லாரும் படிக்கிறாங்களாம். பையன் தல நிமிர முடியலன்றான்."

நான் பேசுவதற்குள் அம்மா பேசினாள். "என்னியப் பொய்க்காரின்னு எங்க வெச்சி சொன்னீங்களோ, அங்கியே வந்து சொல்லுங்க. நான் ஊத்துனேன்னு."

மறுநாள் காலை வரிசையின் முன்னால் நின்று அவர் சொன்னார்.

"காது கேக்கல ஐயா," என்றாள் அம்மா.

மறுபடி சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அம்மா கார்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பவுன்டிப் பணத்தில் மறுபடி ஒரு மாடு வாங்க முடிவு செய்திருந்தோம்.

"இப்ப எடுத்துடுவியாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சி சார். என் கையில என்னா கீது?"

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள். "நெஜமாவே எடுக்க முடியாதாடி?"

"முடியும்."

முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"வுடு. இருந்துட்டுப் போவட்டும்."