ஆளில்லா மாடிக்கு வெந்நீர்

விறகு போட நிலவறைக்கு இறங்கிய மெவ்லுதாவின் செருப்பு நனைந்தது. வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு அடியில் தண்ணீர் குட்டையாக நின்றது. அதன் கதவைத் திறந்தாள். சாம்பலுக்குள்ளிருந்து ஆவி சீறிக்கொண்டு முகத்தில் அடித்தது. உள்ளே எரிகிற நெருப்பை அந்தப் பாய்லரின் தண்ணீரே அணைத்துக்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் ஓடிவர மேலே யார் இருக்கிறார்கள்? புருஷன் பைரோ நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக அன்று காலைதான் தகவல் வந்திருந்தது.

குணமாகி அனுப்பவில்லை. நுரையீரல் இரண்டும் போய்விட்டது, இனி அங்கே வைத்துச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். "சூட்டிலேயே வச்சிருங்க. புகை மட்டும் கிட்ட வரக்கூடாது" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அறைக்குள் ஓர் அடுப்பை வைத்துச் சமாளிக்கலாம் என்றால் அதற்கு வழியில்லாமல் போனது இதனால்தான். எப்பேர்ப்பட்ட அடுப்பானாலும் விறகு போடக் கதவைத் திறந்தால் ஒரு வாய்ப் புகை வெளியே வரத்தான் செய்யும். தீ நிலவறையில் இருக்கவேண்டும், சூடு மட்டும் தண்ணீராகக் குழாயில் ஏறி, அறையின் சுவரோரம் நிற்கிற இரும்பு ரேடியேட்டருக்கு வரவேண்டும். பாய்லர் இல்லாமல் பைரோவுக்கு மூச்சில்லை. அவர்கள் ஊர் இருக்கிற பெஷ்தெர் மலைமேட்டில் நவம்பர் என்றால் மாட்டின் மீசையிலேயே பனி தொங்கும்.

மெவ்லுதா பத்தொன்பது வயதில் கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து கல்யாணமாகி இந்த மேட்டுக்கு வந்தவள். பைரோ பால்வண்டி ஓட்டினான். இவள் ஆடு மேய்த்தாள், பாலாடைக்கட்டி போட்டாள், ஒரே ஒரு பிள்ளையைப் பெற்றாள். அந்த எனிஸ் மீசை முளைத்ததும் ஜெர்மனிக்குப் போனான். அவன் கிளம்பிப்போன அதே வருடம் பைரோ செங்கல் இறக்கினான். ஊரில் எல்லோரும் செய்ததுதான். பிள்ளை ஜெர்மனியில் இருந்தால் தகப்பன் அவனுக்கென்று ஒரு மாடி எழுப்பவேண்டும், பேரப்பிள்ளைகளுக்கென்று அதன்மேல் இன்னொன்று. பேரப்பிள்ளைகள் பிறக்கவில்லை, மாடி பிறந்துவிட்டது. எனிஸ் வருவான், ஆகஸ்டில். வந்து நாலு நாள் இருந்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவான். வெயில் காலத்தில் வருகிறவனுக்காக மெவ்லுதா குளிர்காலம் முழுவதும் இரண்டு மாடியையும் சூடாக்கி வைத்திருந்தாள்.

"சூடு இல்லன்னா சுவரு பொரிஞ்சுடும். பையன் வந்தா ஈரவாடை அடிக்கக் கூடாது" என்பான் பைரோ. அவள் சுமந்து இறக்கிய விறகில் பெரும்பங்கு யாரும் படுக்காத கட்டில்களுக்குப் போனது.

குழாய் வேலை செய்கிற சப்ரோ வந்தான். பாய்லரின் முதுகில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினான். திருப்புளி உள்ளே போய்விட்டது.

"ஒட்டுப் போட்டுப் பாரேன்டா."

"ஒட்டுப் போட இரும்பு வேணும்ல அக்கா? இது அப்பளம்."

சேதி தெரிந்து அன்று மாலை எனிஸ் போனில் வந்தான்.

"நான் பாத்துட்டேம்மா. விசிறி வச்ச பாய்லர். மூணு தளமும் கொதிக்கும். இங்க டோர்ட்முண்ட்ல உக்காந்துக்கிட்டே என் போன்ல சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம்."

"விறகையும் அங்கிருந்தே போட்டுடுவியா?"

"கிண்டல் பண்ணாத. காசு என்னோடது. ரிஃபாத் கடையில சொல்லிட்டேன், நாளைக்குப் போய் ஏத்திக்கிட்டு வந்தாப் போதும்."

மறுநாள் சப்ரோவின் வண்டியில் சியெனிட்சா டவுனுக்குப் போனார்கள். கடைக்கார ரிஃபாத் அந்தப் பாய்லரை மணப்பெண்ணைக் காட்டுவதுபோலத் துணியை விலக்கிக் காட்டினான். பளபளவென்று இருந்தது. நெற்றியில் எண்கள் மின்னின.

"என் விறகு செப்டம்பர்ல வெட்டினது. இது திங்குமா?"

"காய்ஞ்சதாப் போட்டா நல்லதும்மா. ரெண்டு வருசம் காய்ஞ்சது."

"கரண்ட் போனா?"

ரிஃபாத் சப்ரோவைப் பார்த்தான். சப்ரோ தரையைப் பார்த்தான்.

"தண்ணியைத் தள்ளுற மோட்டார் நின்னுடும் அக்கா. தண்ணி மேல ஏறாம உள்ளேயே கொதிக்கும். தீயை அணைச்சுடணும்."

"பேட்டரி வச்சுக்கலாமே! ஒரு ராத்திரி தாங்கும்" என்றான் ரிஃபாத்.

ஒரு ராத்திரி! மேட்டில் காற்று கிளம்பிக் கம்பி அறுந்தால், சரிசெய்ய ஆள் வருவதற்குள் குளிர்காலத்துக்கென்று வைத்த பாலாடைக்கட்டியில் பாதியைத் தின்று முடித்திருப்பார்கள். அதுவரை பைரோ எதைச் சுவாசிப்பான்?

மூலையில் குட்டையாக, கறுப்பாக ஒன்று கிடந்தது. விசிறி இல்லை, விளக்கு இல்லை. தீக்குக் காற்று போகும் வாயின் மூடியைத் தூக்கிப் பிடிக்க ஒரு சங்கிலி மட்டும். மெவ்லுதா அதன்முன் மண்டியிட்டாள். கதவைத் திறந்து தோள்வரைக்கும் கையை விட்டுப் பார்த்தாள். அவளுடைய விறகு நீளம் சரியாக இருந்தது.

"அது மேய்ப்பனுங்க குடிசைக்கு வாங்குறதும்மா" என்றான் ரிஃபாத்.

"இதுக்குக் கரண்ட் வேணுமா?"

"வேணாம் அக்கா" என்றான் சப்ரோ. "சூடான தண்ணி தானா ஏறும், ஆறினது தானா இறங்கும். ஆனா அதுக்குப் பெருங்குழாய் வேணும். எனிஸ் வீட்டை அழகு பண்றேன்னு பழைய பெருங்குழாயையெல்லாம் பிடுங்கி மெலிசா போட்டுட்டான்ல? அதுல இது ஏறாது. நிலவறைக்கு நேர் மேல இருக்கிற அறைக்குன்னா ஒரு பெருங்குழாய் போட்டுத் தர்றேன். அங்கதான் அண்ணன் படுக்கிறாரு. அவ்வளவுதான் முடியும். மாடி ரெண்டுக்கும் போற குழாயை அறுத்து, தண்ணியை வடிச்சுடணும். இல்லன்னா உறைஞ்சு வெடிக்கும்."

மெவ்லுதா பாய்லரின் கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பளபளப்பை எடுத்தால் மகன் மனம் குளிரும், பைரோவும் கேள்வி கேட்கமாட்டான், முதல் காற்றில் கரண்ட் போனால் அவன் மூச்சும் போய்விடும். கறுப்பை எடுத்தால் பைரோ இருக்கிறவரைக்கும் இருப்பான். ஆனால் மாடியைக் குளிரவிடுவது என்றால், நீ வரமாட்டாய் என்று பெற்ற பிள்ளையிடம் வாய்திறந்து சொல்வது. இத்தனை வருடம் அந்தச் சொல்லை வெளியே வரவிடாமல்தான் அவள் விறகு சுமந்தாள்.

தரையில் இருந்தபடியே எனிஸுக்குப் போன் போட்டு, கறுப்பைத்தான் எடுக்கப்போவதாகச் சொன்னாள்.

"அப்ப எனக்கு அந்த வீட்ல இடமில்லன்னு சொல்றே" என்றான் எனிஸ்.

"இடம் இருக்குடா. சூடுதான் இல்ல."

"இங்க வேலை முடிஞ்சு ஒருநாள் வரத்தாம்மா போறேன்."

"வா. வந்து நீயே தீ மூட்டிக்கோ. உங்கப்பாவால அதுவரைக்கும் காத்துக்கிட்டிருக்க முடியாது."

எனிஸ் மூக்கை உறிஞ்சினான். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா" என்றான். அவள் போனை மடியில் வைத்துவிட்டு, கறுப்பை வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

வியாழக்கிழமை சப்ரோ கறுப்புப் பாய்லரைப் பொருத்தி, மாடிக் குழாய்களை அறுத்தான். மாடியிலிருந்து இறங்கிய தண்ணீர் மை போலக் கறுத்து முற்றத்தில் ஓடி, கண்ணெதிரே உறைந்தது. புதுப் பாய்லர் ஜில்லென்று இருந்தது. ஈர விறகு நுரை தள்ளிப் புகைந்ததே தவிரப் பற்றவில்லை. மெவ்லுதா ஊதினாள், திட்டினாள், அழுதாள். காய்ந்த விறகுக்கு எங்கே போவாள்? பக்கத்து வீடுகளிலும் இதே ஈரம்தான்.

பிறகு எழுந்து மேல்மாடிக்குப் போனாள். பிறக்காத பேரப்பிள்ளைகளுக்காகப் போட்ட கட்டிலின் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டுவந்தாள். உலகத்திலேயே காய்ந்த மரம் அதுதான். சப்ரோ வாயைத் திறந்தான்.

"எதுவும் பேசாத" என்றாள்.

பலகை பிடித்துக்கொண்டது. அதன்மேல் ஈர விறகும் மெல்லப் பிடித்துக்கொண்டது. பெருங்குழாயில் கைவைத்தபடி நின்றாள். சூடு விரல் விரலாக மேலே ஏறியது.

வெள்ளிக்கிழமை பைரோவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தான். மத்தியானம் காற்று கிளம்பியது, கரண்ட் போனது. அறையிலிருந்த இரும்பு ரேடியேட்டர் சூடாகவே இருந்தது. பைரோ அதன்மேல் உள்ளங்கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

"எனிஸ் மாடியிலயும் இப்படித்தானே இருக்கு?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்கே மூன்று தரம் மூச்சு வாங்கினான்.

ஆமாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆமாம் என்றால் நாளைக்கும் கேட்பான், நாளை மறுநாளும் கேட்பான். மிஞ்சியிருக்கிற மூச்சையெல்லாம் அந்த மாடிக்கே செலவு செய்வான்.

"இல்ல. அறுத்துவிட்டுட்டேன். மேல யாரும் இல்ல மனுசா."

பைரோ முகட்டைப் பார்த்தான். திட்டுவான், முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று அவள் காத்திருந்தாள். காற்று ஜன்னலை உலுக்கியது.

"அப்ப மாடிப்படிக் கதவச் சாத்து" என்றான். "இருக்கிற சூடு மேல போகுது."

அந்தக் கதவைச் சாத்தியே வருடக்கணக்காகிவிட்டது. மரம் உப்பி, நிலையில் அடங்க மறுத்தது. மெவ்லுதா தோளைக் கொடுத்து நெட்டினாள். மறுபடியும் நெட்டினாள். கடைசியில் அது முனகிக்கொண்டு மூடியது. அவள் அதில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விறகு போடக் கீழே இறங்கினாள்.