ஜேடர்பாளையத்தில் இல்லாத செடி

செங்கோடன் என்பவருக்கு வேலை போனதற்கு நான்தான் காரணம். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. செடி பறிக்கும் வேலைக்கு வருகிற இளைஞர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. உதிர்ந்த துண்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு கல்லூரியின் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடிக் காப்பகத்தில், அசிஸ்டெண்டாக இருந்தேன். செடி பறித்து, பிரஸ் என்கிற மரச்சட்டத்துக்குள் அழுத்தி உலர்த்தி, ஷீட்டில் ஒட்டி, எந்த ஊரில் எந்த மாதிரி நிலத்தில் கிடைத்தது என்று லேபிள் எழுதுவது என் வேலை. செங்கோடன் அட்டெண்டர். மல்லசமுத்திரத்துக்காரர், என் வயதுதான். பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. ஆனால் ஒரு தழையை ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டார். காட்டில் எனக்கு இருந்த ஒரே பேச்சுத்துணையும் அவர்தான்.

ஓர் ஆவணியில் மச்சினன் கல்யாணத்துக்கு அவர் லீவு போட்டிருந்தார். நான் தனியாகக் கொல்லிமலை ஏறி இறங்கி, அந்த வாரமே ஜேடர்பாளையம் காவிரிக் கரையிலும் பறித்து வந்தேன். மழை விடவில்லை. இரண்டு கட்டும் நனைந்துவிட்டன. அழுகியவற்றை எறிந்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பரை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு செடி, பறித்த இடத்திலேயே நூலால் கட்டிவிடும் நம்பர் துண்டு இல்லாமல் கிடந்தது. நோட்டைப் புரட்டினேன். மலையில் ஒன்றுக்கும் ஆற்றங்கரையில் ஒன்றுக்கும் ஒரே மாதிரி எழுதியிருந்தேன்: நிழல், ஈரம், தண்ணீர் ஓரம், சிறு வெள்ளைப் பூ. கொஞ்சம் யோசித்துவிட்டு ஜேடர்பாளையம் என்று லேபிள் எழுதினேன்.

புரொபசர் அதைத் தாலிக்ட்ரம் என்று கண்டார். தழை கொத்தமல்லியைப் பெரிதாக்கியது போல இருக்கும். பூவில் இதழ் கிடையாது. வெள்ளை மகரந்தத் தாள்கள் கொத்தாக நின்று பூவாகத் தெரியும். குளிர்ந்த மலைச்சரிவில் வளர்கிற செடி. அது சமவெளியில், காவிரிக் கரையில் கிடைத்தது என்றால் பெரிய சேதி. "வெள்ளம் எங்கேயோ மலையிலேருந்து விதையைக் கொண்டுவந்து போட்டிருக்கு. நல்ல கண்ணுய்யா உமக்கு" என்றார். யாரையும் பாராட்டி அறியாத மனிதர். அன்றே கட்டுரை எழுத உட்கார்ந்தார்.

நாலாம் நாள் பிரஸ்ஸைத் துடைத்தபோது சட்டத்தில் ஒட்டியிருந்த துண்டு கிடைத்தது. அதன் நூலில் அதே தழையின் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. கொல்லிமலை நம்பர். அறையில் வேறு யாருமில்லை. கிழித்துப் போட்டேன்.

2. பதினோரு நாள்

கட்டுரைக்குக் காயோடு ஒரு ஷீட் தேவைப்பட்டது. ஐப்பசியில் புரொபசர் செங்கோடனைக் கூப்பிட்டுச் செடியைக் காட்டி ஜேடர்பாளையத்துக்கு அனுப்பினார். பதினோரு நாள் கழித்து வெறும் பிரஸ்ஸோடு வந்தார்.

"ரெண்டு கரையும் பாத்துட்டேனுங்க. அந்தத் தழை அங்க இல்லீங்க."

"அவர் எழுதி வச்சிருக்கிறது பொய்யா? பக்கத்திலதானே உன் மாமனார் ஊர். பதினோரு நாளும் விருந்து பலமோ?" என்றார் புரொபசர்.

செங்கோடன் என் பக்கம் திரும்பினார். "நீங்க பறிச்சது எந்த எடமுங்க? சொன்னீங்கன்னா இன்னொருக்காப் போயிப் பாத்துட்டு வாரேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். எனக்குப் பாராட்டு போயிருக்கும், கட்டுரை நின்றிருக்கும், அவ்வளவுதான். நான் சொன்னது: "ஆத்துலேருந்து வாய்க்கால் பிரியற தலைப்புக்கிட்ட, செங்கோடா. மருதமரத்துக்குக் கீழே."

மறுபடி போனார். மறுபடி வெறுங்கையோடு வந்தார். வேலையில் ஏமாற்றுகிறவன் என்று எழுதி அந்த வாரமே அவரை நீக்கிவிட்டார்கள். மேட்டூர் அணை வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதன்பின் வந்த அட்டெண்டர்கள் யாரும் நிலைக்கவில்லை. பெரும்பாலும் நானே பிரஸ்ஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒரு பூவைப் பார்த்து அழகாயிருக்கிறது என்று சொல்ல வாயெடுப்பேன். திரும்பினால் ஆள் இருக்காது. ஜேடர்பாளையம் பக்கம் மட்டும் நான் போகவேயில்லை.

3. திருத்தச் சீட்டு

உலக யுத்தம் முடிந்த பிறகு, காயில்லாமலே அச்சேறிய அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வேறோர் ஊர்க் கல்லூரியிலிருந்து கடிதம் எழுதியிருந்தார்கள். அந்தச் செடி நின்ற இடத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகவேண்டும், வழி சொல்லுங்கள் என்று. இன்னும் பத்துப் பேரை அந்தக் கரையில் அலையவிட எனக்கு மனம் வரவில்லை. உள்ளதை எழுதிப் போட்டேன். திருத்தச் சீட்டு ஒன்று எழுதி ஷீட்டில் ஒட்டினேன். பழைய புரொபசர் காலமாகிவிட்டிருந்தார். புதியவர் படித்துவிட்டு, "லேபிள் தப்பு எல்லா எடத்துலயும் நடக்கிறதுதானே சார்" என்றார். செங்கோடனைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தார். என்னை யாரும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

மேட்டூரில் அணைப் பூங்காவில் செங்கோடன் பாத்தி கொத்திக்கொண்டிருந்தார். நான் முழுவதையும் சொன்னேன். அவர் களைக்கொத்தைக் கீழே வைக்காமல் நின்றபடி கேட்டார்.

"அப்ப நான் தேடுனது சரிதானுங்களா?"

சரிதான் என்றேன்.

"வருசா வருசம் மாமனார் ஊட்டுக்குப் போறப்பெல்லாம் அந்த வாய்க்காத் தலப்புக்குப் போவேனுங்க. என் கண்ணுக்குத்தான் அது ஆப்படலையோன்னு. அங்க என்னத்தப் பொதச்சு வெச்சிருக்கீங்கன்னு ஊட்ல சிரிப்பாங்க." கொஞ்ச நேரம் கொத்தினார். பிறகு, "அது எப்படித்தான் நிக்குதுன்னு ஒருக்காப் பாக்கோணுமுங்க" என்றார்.

அந்த ஆவணியில் இருவரும் கொல்லிமலை ஏறினோம். வழியில் அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. நாலாயிரம் அடி உயரத்தில், ஓடையோரம், வெயில் படாத மரநிழலில் அது பூத்திருந்தது. கல்லெல்லாம் பாசி. கறுத்த மக்கு மண். செங்கோடன் குந்தி உட்கார்ந்து செடியைத் தொடாமல் மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"மண்ணு எப்படிச் சில்லுனு இருக்குது பாருங்க. அந்த ஆத்து மணல்காட்டுல ஒரு வெயிலுக்குத் தாங்குமுங்களா? இப்படி எடத்துல நிக்கிற செடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்."

வேலை தயாராக இருப்பதை அப்போது சொன்னேன்.

"வேண்டாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "நாளைக்கு நான் இல்லீன்னு சொன்னாலும், நீங்க எழுதறதுதானுங்களே நிக்கும்."

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "பொழுதோட எறங்கோணும், வாரேனுங்க" என்று முன்னால் நடந்துவிட்டார். என் முழங்காலால் அவருக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. அடிவாரத்தில் நான் வந்து சேர்ந்தபோது அவர் இல்லை.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். நம்பர் துண்டு உதிர்ந்த செடி எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் தூக்கி எறிந்துவிடுங்கள்.

அடுத்த ஆவணிக்கு, கூட வருகிறீர்களா என்று கேட்டு மேட்டூருக்குக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. அதற்கடுத்த ஆண்டும் போட்டேன். இரண்டு தடவையும் தனியாகவே ஏறி, ஓடையோரம் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கினேன்.