கல் பொறுக்க வந்த மாப்பிள்ளை

எனக்குக் கல்யாணமான வருஷம் குற்றாலத்தில் சாரல் பிரமாதமாக இருந்தது. ஆனி பாதியிலேயே மலை முகடு மேகத்துக்குள் போய்விட்டது. தென்காசித் தெருவில் நடந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று வேட்டியைப் பிடுங்கும். அந்த வருஷத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் ஒருத்திக்குச் செய்த கெடுதலும் அதே வருஷத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சேர்த்தே சொல்கிறேன்.

நான் கட்டிக்கொண்டது என் தாய்மாமன் மகளை. பாவாடை கட்டிய நாளிலிருந்து என்னோடு சண்டை போட்டவள். தென்காசியில் பள்ளிப் படிப்பை நல்ல மார்க்கோடு முடித்து, பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரியில் இண்டர்மீடியட் படிக்க இடமும் வாங்கி வைத்திருந்தாள். இடையில் கல்யாணம் வந்துவிட்டது. மாமா நல்லவர், ஆனால் பொறுப்பைக் கைமாற்றுவதில் கெட்டிக்காரர். "இனிமே எங்கிட்ட கேக்காதம்மா. மாப்பிள்ளை சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நானே வண்டி கட்டிக் கொண்டுபோய்ச் சேத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆடி முடிவதற்குள் சேராவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

நான் சென்னையில் நிலவியல் படித்துவிட்டு மதுரையில் ஒரு பள்ளியில் பூகோள ஆசிரியராக இருந்தேன். "சொல்லுதேன், சமயம் பாத்து மாமாகிட்ட சொல்லுதேன்" என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். முதல் நாள் மாப்பிள்ளைக்கு ஆடிப்பால் கொடுத்து, வேட்டி துண்டு கொடுத்து, அன்றே ரயிலேற்றி விடுவது வழக்கம். அப்புறம் ஆவணி வரை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. எனக்கு ஒரு வாரம்தான் பொறுமை இருந்தது. அடுத்த சனிக்கிழமை ஒரு சுத்தியலும் சாக்குப்பையும் எடுத்துக்கொண்டு தென்காசி ஸ்டேஷனில் இறங்கினேன். குற்றாலத்து மலையில் கல் சேகரிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டேன். பொய் இல்லை. பொழுது சாய்கிறவரை சாரலில் நனைந்துகொண்டு பாறைகளைத் தட்டினேன். பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு, "இதை வைக்க இடம் வேணும்" என்று மாமா வீட்டு வாசலில் நின்றேன்.

அத்தை என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆடி மாசத்துல மாப்பிள்ளை கல்லு பொறுக்க வந்திருக்காக. வாங்க. கல்லு பின்வாசல்ல, மாப்பிள்ளை முன்வாசல்ல."

மறுவாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். குற்றாலத்திலிருந்து என்னை ஏற்றிவரும் குதிரைவண்டிக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அய்யா, மதுரையில கல்லே கெடையாதோ?"

"இருக்கு அண்ணாச்சி. இந்த ஜாதிக் கல்லு இல்ல."

"அதான பாத்தேன். இந்தக் கல்லு மாமனார் வீட்டு வாசல்லதான் வெளையுதோ என்னமோ" என்று குதிரையிடம் சொன்னார். குதிரை தும்மியது.

கற்களைக் கழுவி அடுக்கும் வேலையை என் மனைவி தானே எடுத்துக்கொண்டாள். கிணற்றடியில் அவள் கழுவுவாள், நான் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பற்றிச் சொல்வேன். அடுக்களை ஜன்னலில் அத்தையின் தலை தெரியும். அதனால் கல்லைத் தவிர வேறு எதுவும் பேச முடியாது. கருப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடுகிற ஒரு கல்லுக்குள் மாதுளை முத்துப் போலச் சிவப்பு மணிகள் பதிந்திருந்தன. அதைச் சாரல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "அத்தான், இது கம்மல்ல வச்சா நல்லாருக்கும்லா?" என்றாள். "உனக்கு எது வச்சாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றேன். "கல்லைப் பத்திப் பேசுங்க மாப்பிள்ளை" என்றது ஜன்னல்.

என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் பாடம் சொன்னதில்லை. வேடிக்கை என்னவென்றால், காதலுக்குச் சாக்காக நான் எடுத்த கல்லை அவள் நிஜமாகவே படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"மலை எப்படி வந்திச்சு?" என்று ஒரு நாள் கேட்டாள்.

எனக்குக் கல்லூரியில் சொன்னதைச் சொன்னேன். பூமி ஆதியில் நெருப்பாக இருந்தது, ஆறிக்கொண்டே வருகிறது, ஆறுவதால் சுருங்குகிறது, வற்றல் காயும்போது தோல் சுருங்குகிற மாதிரி அதன் மேலோடு மடிந்து மலையாகிவிட்டது.

அவள் எழுந்துபோய் அடுக்களையிலிருந்து ஒரு சுண்டைக்காய் வற்றலைக் கொண்டுவந்தாள். "இதுல எல்லாப் பக்கமும் சுருக்கம் இருக்கு. பூமியில அப்படி இல்லையே. நம்ம மலை மேக்கு ஓரத்துல மட்டும் சுவர் வச்ச மாதிரில்லா நிக்கி? இங்கன இருந்து கெழக்க தூத்துக்குடி வரைக்கும் ஏன் சுருங்கல?"

நான் வற்றலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் பழைய பள்ளிக்கூட அட்லஸிலிருந்து ஆப்பிரிக்காவையும் மடகாஸ்கரையும் இந்தியாவையும் வெட்டி வைத்திருந்தாள். துவைகல் மேல் மூன்றையும் நகர்த்தி ஒட்டினாள். மடகாஸ்கரின் நேரான கிழக்குக் கரை நம் மேற்குக் கரையோடு சேர்ந்தது. "இது ஒண்ணா இருந்து பிஞ்சது அத்தான். பிஞ்ச ஓரம்தான் நம்ம மலை." நிலங்கள் நகர்ந்தன என்று வெளிநாட்டில் ஓர் அறிஞர் சொன்னதையும், அதை எங்கள் பேராசிரியர் வகுப்பில் கிண்டல் செய்ததையும் நான் அறிவேன். "அதெல்லாம் கதை" என்று காகிதத்தை ஊதித் தள்ளினேன். மடகாஸ்கர் கிணற்றுக்குள் விழுந்தது. அவள் என் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். அத்தை ஜன்னலில் இல்லாத நல்ல நேரம் அது.

"மாமாகிட்ட சொன்னீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "அடுத்த வாரம்" என்பேன்.

ஏன் தள்ளிப்போட்டேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மதுரையில் அப்போது பெண்களுக்குக் கல்லூரி கிடையாது. அவள் பாளையங்கோட்டை விடுதிக்குப் போனால் எனக்கு இரண்டு வருஷமும் ஆடியாகவே இருக்கும். ஒரு மாத ஆடிக்கே சாக்குப்பை தூக்கியவன் நான்.

ஆடியின் கடைசி ஞாயிறு வந்தது. காலையில் எல்லோரும் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு வண்டியில் போய் ஐந்தருவியில் குளித்தோம். அருவியில் குளித்த பசி தனி. திரும்பி வந்ததும் அத்தை பெரிய உருளியில் பால் பாயசத்துக்குப் பாலை ஏற்றிவிட்டு எங்களுக்கு இலை போட்டாள். சாப்பாடு முடிகிற நேரத்தில் மாமா தாமாகவே பேச்சை எடுத்தார்.

"மாப்பிள்ளை, இவ படிப்பு விஷயம் என்ன முடிவு? நாளைக்கு விட்டா எடம் போயிரும்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "அப்பா, அத்தான், கை கழுவிட்டு இங்கன வாங்களேன். ஒண்ணு காட்டுதேன்."

போனோம். உருளிப் பாலின் மேல் ஏடு படிந்திருந்தது. ஒரே முந்திரிப் பருப்பின் இரண்டு பாதிகளை ஏட்டின் நடுவில் ஒட்டி வைத்துவிட்டு, அடுப்பில் விறகைத் தள்ளினாள். நடுவில் பால் மேலெழும்பியது. ஏடு கிழிந்தது. பிளவில் புதுப் பால் ததும்பி ஏடாகப் படர, பருப்பின் ஒரு பாதி இந்தப் பக்கமும் மறு பாதி அந்தப் பக்கமும் விலகிப் போயின. உருளியின் விளிம்பில் முட்டிய ஏடு மடிப்பு மடிப்பாகச் சுருண்டது.

"அந்த மடிப்புதான் மலை. கிழிஞ்ச எடம்தான் கடல். அடியில சூடு இருக்குல்லா, அது சும்மா இருக்குமா?" என்றாள். மாமாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

மாமாவுக்குப் பிரமிப்பு. "மாப்பிள்ளை, இவ சொல்லுததுல விஷயம் இருக்கா? இருந்தா நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். நீங்கதான படிச்சவுக, சொல்லுங்க."

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சென்னையில் எங்கள் கல்லூரிக் கண்ணாடி அலமாரியில் மடகாஸ்கரிலிருந்து வந்த ஒரு கல் இருந்தது. கருப்பு வெள்ளை வரி, உள்ளே மாதுளை முத்துச் சிவப்பு. குற்றாலத்துக் கல்லின் பக்கத்தில் வைத்தால் கூடப்பிறந்தது என்று குழந்தையும் சொல்லும். அதைச் சொல்லியிருந்தால் போதும்.

நான் சிரித்தேன். "மலை நகருதுன்னு காலேஜ்ல போய்ச் சொன்னா உங்க மகளை வாசல்லயே நிறுத்திருவாங்க மாமா. ஏட்டி, அந்தப் பாயசத்துக்குச் சீனியப் போடு முதல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மாமா அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். "சரி, மாப்பிள்ளை சொன்னாச் சரிதான்" என்று துண்டை உதறிக்கொண்டு போனார். அவள் சீனியைப் போட்டுக் கிளறினாள். ஏடு, மலை, கடல் எல்லாம் கலைந்து போயின. பாயசம் மிக நன்றாக இருந்தது. நான் இரண்டு தம்ளர் குடித்தேன்.

ஆவணியில் அவள் மதுரைக்கு வந்தாள். நாங்கள் சந்தோஷமாக வாழவில்லை என்று சொன்னால் அது பொய். பிள்ளைகள், சாரலுக்கு வருஷா வருஷம் தென்காசி, என்னைப் பார்த்ததும் "அய்யா, இந்த வருசம் கல்லு உண்டா?" என்று வண்டிக்காரர் கேட்கும் கேள்வி. என் கற்களை அத்தை வீணாக்கவில்லை. ஒன்று ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் இருந்தது, ஒன்று கதவுக்கு முட்டுக் கொடுத்தது. நான் பள்ளியில் வற்றல் கதையையே சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றேன். அவள் கல்லூரிப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. நானும் அதை மன்னிப்பென்று எண்ணிக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் நூலகத்தில் அறிவியல் பத்திரிகை ஒன்றைப் படித்தேன். பூமியின் மேலோடு ஒரே தோல் கிடையாதாம். பெரிய பெரிய தகடுகளாக உடைந்து கிடக்கிறதாம். அடியில் இருக்கும் சூடான பாறை, பாலைப் போலத் திரவமாக இல்லாவிட்டாலும், நகம் வளர்கிற வேகத்தில் நகர்கிறதாம். தகடுகள் விலகும் இடத்தில் கடலடியில் புதுத் தரை பிறக்கிறது. முட்டும் இடத்தில் இமயமலை எழும்புகிறது. ஒன்றின் நுனி மற்றதன் கீழே அமிழ்ந்து மீதியையும் இழுக்கும் இடத்தில் எரிமலையும் பூகம்பமும் வருகின்றன. இந்தியா ஒரு காலத்தில் மடகாஸ்கரோடு ஒட்டியிருந்து பிரிந்தது. பிரிந்த ஓரம் உயர்ந்து நின்றதுதான் நம் மேற்கு மலை. அதில் மோதிய மேகம்தான் சாரல்.

பத்திரிகையை மூடிவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தேன். அவள் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். "நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி. பால் ஏடு, மலை, எல்லாம். நம்ம கல்லு மாதிரியே மடகாஸ்கர் கல்லு காலேஜ்ல இருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். வேணும்னுதான் மறைச்சேன். தப்பு என் மேல."

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் பழைய கிணற்றடிச் சிரிப்பு இருந்தது.

"மலை நகருதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தான். அது நகர உங்க வார்த்தை வேண்டாம். எனக்குத்தான வேண்டியிருந்திச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் கழித்தும் மலைக்குத்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

"எனக்கு நீ விடுதிக்குப் போறது பிடிக்கல. உன்ன விட்டு இருக்க முடியல. அதுக்காக உன் படிப்பக் கெடுத்தேன்" என்றேன்.

"அதுவும் தெரியும்" என்றாள். கரண்டியை எடுத்துப் பாலை ஒரு கிளறு கிளறினாள். "ஆனா நீங்களா சொல்லணும்னு இருந்தேன்."

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, வழிய விட்டு நில்லுங்க. பால் பொங்குது. சும்மா நிக்க முடியலன்னா, போய்க் கல்லு பொறுக்குங்க."