மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி

ரெடிமேட் சட்டை தைக்கிற கம்பெனியில் அவளுக்குப் பெயர் செக்கிங் அக்கா. தைத்து முடித்த சட்டைகள் பளிச்சென்ற ட்யூப் லைட்டுக்குக் கீழே அவள் மேஜைக்கு வரும். காலரைத் தூக்கிப் பார்ப்பாள், கையைத் திருப்பிப் பார்ப்பாள், பட்டனை இழுத்துப் பார்ப்பாள். குறை இருக்கிற இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் விழும். அந்த ஸ்டிக்கரைக் கண்டாலே தையல்காரர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அக்காவுக்கு இருக்கிறது கண்ணா, பூதக்கண்ணாடியா?" என்று முணுமுணுப்பார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்தக் கண் பயத்தில் பழகின கண் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, வீட்டில் எது கோணலாக இருந்தாலும் புருஷன் கண்ணில் படுவதற்கு முன்னால் அது அவள் கண்ணில் பட்டாக வேண்டும். சாத்தாத ஜன்னல், ஈரம் காயாத துண்டு, சட்டைக் கையில் விட்டுப்போன ஒரு சுருக்கம். அவர் முந்திக்கொண்டால் அன்றைக்கு அவள் கதி அதோகதி.

அவர் டிவி மெக்கானிக். தெருவுக்கே செல்லப்பிள்ளை. வயதானவர்கள் வீட்டு ரிமோட்டை ஓசியில் சரிசெய்து கொடுப்பார், சின்னக் குழந்தைகளுக்கு மூக்கைத் தொட்டுக் காட்டி வித்தை செய்வார். தன் பிள்ளைகள் இருவர் மேலும் ஒரு விரல்கூட வைத்ததில்லை. குரலை உயர்த்தியும் பேச மாட்டார். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், கைக் கடிகாரத்தைக் கழற்றி அலமாரி மேல் பத்திரமாக வைப்பார். கண்ணாடி உடைந்துவிடக் கூடாது பாருங்கள், அத்தனை பொறுப்பான மனுஷன். கடிகாரம் கையை விட்டு இறங்கினதும் அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் அது இறங்கும். சாயங்காலம் பிள்ளைகள் வந்து கேட்டால், அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்பாள். அந்த வீட்டு அலமாரிக் கதவுக்கு அவள் மேல் என்ன வஞ்சமோ, மாதம் தவறாமல் இடித்தது.

ஒரு நாள் கடையிலேயே நெஞ்சு வலித்து, ஆஸ்பத்திரி போகிற வழியில் அவர் போய்விட்டார். தெருவே திரண்டு வந்து அழுதது. அவளும் அழுதாள். என்னத்துக்கு அழுதாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. அப்புறம் கம்பெனி வேலை, இரண்டு பிள்ளைகளின் படிப்பு, வாடகை வீடு. பைக் நிற்கிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்கிற பழக்கம் மட்டும் போக ரொம்ப வருஷம் ஆனது. பிள்ளைகளிடம் அவள் வாயைத் திறக்கவே இல்லை. அவர்களுக்கு நல்ல அப்பாவாகத்தானே இருந்தார், அதையும் பிடுங்குவானேன் என்று விட்டுவிட்டாள். அதுதான் இப்போது வந்து கழுத்தைப் பிடித்தது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவள் தினமும் ஏறுகிற பஸ்ஸின் டிரைவர்தான் மாப்பிள்ளை. மகன் பேனர் அச்சடிக்கிற கடை வைத்திருக்கிறான். அடுத்தவன் கல்யாணத்துக்கே மண்டையை உடைத்துக்கொண்டு யோசிக்கிறவன், சொந்தத் தங்கச்சி கல்யாணம் என்றால் விடுவானா? பத்திரிகையைப் பஸ் டிக்கெட் மாதிரியே அடித்தான். ஏறுமிடம் மணமகள் வீடு, இறங்குமிடம் மண்டபம், சில்லறை தேவையில்லை. சின்ன மாமா அதைச் சட்டைப் பையில் வைத்திருந்து, மறதியாக நிஜக் கண்டக்டரிடமே நீட்டிவிட்டு, "இந்தப் பஸ் மண்டபத்துக்குப் போகாதுங்க" என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மாலை மாற்றும்போது கொட்டுமேளத்துக்குப் பதிலாக மாப்பிள்ளையின் தோழர்கள் விசில் அடிப்பதாக ஏற்பாடு. சாப்பாட்டு மேஜைகளுக்கு இருவரும் போய்வந்த ஸ்டாப்புகளின் பெயர். இதையெல்லாம் கேட்டுச் செக்கிங் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம் மகன் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். கண்ணெல்லாம் மின்னியது.

"அம்மா, தங்கச்சிகிட்ட மூச்சு விடக் கூடாது. கல்யாணத்துக்கு அப்பா வரப்போறாரு."

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"என்னடா உளர்ற?"

"சிலைம்மா. சிலிக்கான்ல. தொட்டா தோல் மாதிரியே இருக்கும். முடி, மீசை, நகம் எல்லாம் அப்படியே. மேடையில நாற்காலி போட்டு உக்கார வெக்கிறோம், அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல. பாத்ததும் ஒருத்தர் கண்ணுலயும் தண்ணி நிக்காது பாரு!"

"அதெல்லாம் எதுக்குப்பா... செத்தவங்கள..." என்று இழுத்தாள்.

"அவ அப்பாவுக்காக ஏங்குறாம்மா. வெளிய சொல்ல மாட்டா. எனக்குத் தெரியும்." அவன் குரல் உடைந்தது. வளர்ந்த பிள்ளை, தாடி வைத்தவன், அடுப்புப் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினான். அதற்கு மேல் அவளால் என்ன பேச முடியும்? வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால், இந்த முகம் என்ன ஆகும்? கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவப் போனாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் நல்ல சட்டைகளுக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள். சூப்பர்வைசர் வந்து ஒரு கட்டு முழுவதையும் பிரித்துப் பார்த்து, "அக்கா, இதுல என்ன குறைன்னு எனக்கும் கொஞ்சம் காட்டுங்க" என்றார். அவளால் காட்ட முடியவில்லை. பொம்மைதானே, பொம்மை என்ன செய்யும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மனசு கேட்டால்தானே.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சிலைக்காரரிடமிருந்து போன் வந்தது. கூட வாழ்ந்தவர்கள் வந்து ஒரு தடவை பார்த்துச் சொன்னால்தான் ஒப்படைப்பாராம். மகன் சந்தோஷமாக, "எங்கம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாதுங்க, அவங்க வேலையே அதுதான்" என்று பெருமையடித்துவிட்டு அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான்.

பட்டறையில் ரசாயன வாடை குப்பென்று அடித்தது. சுவர் ஓரமாகத் தலைகள், கைகள், ஒரு தட்டு நிறையக் கண்கள். சிலைக்காரர் ஒல்லியானவர், தாழ்ந்த குரலில் பேசுகிறவர். ஒரு திரையை விலக்கினார்.

அவர் உட்கார்ந்திருந்தார்.

வலது முழங்காலில் வைத்த கை, கொஞ்சம் சாய்த்த தலை, இறுக்கிய உதடு. மகன் எடுத்துக் கொடுத்திருந்த போட்டோவில் அவர் சிரிக்கவில்லை. கம்பீரமாக இருக்கிறது என்று அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அது கம்பீரம் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பேச்சை நிறுத்தின பிறகு அவர் வைத்துக்கொள்கிற முகம் அது. இடது கை வெறுமையாக இருந்தது. அவருடைய நிஜக் கடிகாரம் பக்கத்து ஸ்டூலில் கிடந்தது.

"அதை மாட்டுங்க," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"கடைசியிலதான்மா மாட்டுவோம். பெயிண்ட் இன்னும் காயணும்."

"இப்பவே மாட்டுங்கய்யா!"

சிலைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். கடிகாரத்தை எடுத்து மாட்டினார். மகன் அவள் தோளை அணைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு அப்பா வாட்ச் இல்லாம பாக்கவே பிடிக்காது" என்று நெகிழ்ந்துபோனான். பாவம், அவன் சொன்னதும் நிஜம்தான்.

"பக்கத்துல வந்து பாருங்கம்மா. எங்க குறை இருந்தாலும் சொல்லுங்க."

"சிரிக்கிற மாதிரி மாத்த முடியாதுங்களா?"

"வார்த்தாச்சேம்மா. இனிமே முடி, கலர், இந்த மாதிரிதான் தொட முடியும்."

ஆயிரக்கணக்கான சட்டைகளில் குறை கண்டுபிடித்தவள் அந்த முகத்தில் ஒரு குறையைத் தேடினாள். புருவம், காதோரம், கீழுதட்டு மச்சம். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. அந்தக் கண்கள் அவளைத் தாண்டி, சாத்தாத ஜன்னல் எதையோ பார்க்கிற மாதிரி இருந்தன. ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் கூப்பிடும்போது ஓடினால் அப்புறம் இன்னும் மோசமாகும் என்று உடம்பு பழகியிருந்தது, அதனால் நின்றாள்.

"சரியா இருக்கு," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் எப்படியாவது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனாள். மகள் கட்டிலில் உட்கார்ந்து புதுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "உங்கப்பா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். மகள் மடிப்பதை நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை. "பசிக்குதும்மா, ஏதாவது இருக்கா?" என்றாள். அப்பா பேச்சை எடுத்ததும் பிள்ளைக்கு மனசு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அம்மா சமையலறைக்குப் போனாள்.

கல்யாணத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. விசில் சத்தத்தில் காது கிழிந்தது, மாலை மாற்றும்போது மாப்பிள்ளை தடுமாறி மணப்பெண் காலை மிதித்தான், ஒரே சிரிப்பு. செக்கிங் அக்கா தூண் பக்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடைக்கு வா வா என்று எத்தனை பேர் கூப்பிட்டும் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். அவள் கண் முழுக்கப் பக்கவாட்டு அறைக் கதவிலேயே இருந்தது.

கதவு திறந்தது. மகனும் இரண்டு நண்பர்களும் துணி மூடிய எதையோ தூக்கிக்கொண்டு மேடை ஏறினார்கள். மகன் மைக்கை வாங்கி, "தங்கச்சி, உன்ன ஆசீர்வாதம் பண்ண ஒருத்தர் வந்திருக்காரு" என்று சொல்லித் துணியை உருவினான்.

மண்டபமே ஒரு தரம் மூச்சை இழுத்தது. அப்புறம் அழுகை. அத்தைமார்கள் வாய்விட்டு அழுதார்கள். அவரிடம் ரிமோட் சரிசெய்துகொண்ட கிழவர் எழுந்து நின்று கும்பிட்டார். எல்லார் கையிலும் போன் மேலே போனது.

செக்கிங் அக்காவும் எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியாது. அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால், கேட்கும் முன்னால் தண்ணீர் போயாக வேண்டும். சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து நிரப்பினாள், விளிம்பைத் துடைத்தாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஏறினாள். முழங்கால் வலிக்கவில்லை. அவருக்கு முன்னால் போய், தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினாள். தண்ணீர் தளும்பி அவர் பேண்டில் சிந்தியது. உயிர் போய்விட்டது அவளுக்கு. "தொடச்சிடறேன், இதோ தொடச்சிடறேன்" என்று உளறினாள்.

"இப்படி ஒரு பாசத்தை எங்கயாவது பாத்திருக்கோமா!" என்று யாரோ விம்மினார்கள். கைதட்டல் கிளம்பியது. கேமராக்காரர் மண்டியிட்டு அதைப் படம் பிடித்தார்.

அப்போது வளையல் போட்ட ஒரு கை அந்த டம்ளரைப் பிடித்தது. மகள் அதை வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவரால எந்திரிக்க முடியாதும்மா," என்றாள் மெதுவாக. "நான் பாத்துக்கறேன்."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு..."

"தெரியும்மா. ஸ்கூலுக்குக் கிளம்பிட்டு நான் எல்லா நாளும் உடனே போயிட மாட்டேன். படிக்கட்டுலயே நிப்பேன்." சொல்லும்போது அவள் உதடு கோணியது. "பயமா இருக்கும். உள்ள வர தைரியம் வராது."

பிறகு திரும்பினாள். "அண்ணா, இந்த நாற்காலிய அந்த ரூம்ல கொண்டுபோய் வை. வேற நாற்காலி கொண்டா. அம்மா உக்காரணும்."

"என்ன சொல்ற? அப்பாவ..."

"அப்புறம் சொல்றேன். இப்ப கொண்டு போ."

மகன் தங்கையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அம்மா இன்னமும் அந்தப் பேண்டின் ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்துபோனது. துணியை எடுத்துச் சிலை மேல் போர்த்தி, நண்பர்களோடு அந்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

வேறு நாற்காலி வந்தது. மகளும் மாப்பிள்ளையும் இரண்டு பக்கமும் நிற்க, செக்கிங் அக்கா நடுவில் உட்கார்ந்தாள். கேமராக்காரர், "அம்மா, இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்றார். அவள் பக்கவாட்டு அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவ வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டானா?" என்று மகளிடம் கேட்டாள். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மகள் சிரிக்கவில்லை. கேமராக்காரரை இருக்கச் சொல்லிவிட்டு, கழுத்து மாலையோடு மேடையை விட்டு இறங்கினாள். மண்டபம் முழுக்க என்ன ஏதென்று புரியாமல் பார்த்துக்கொண்டிருக்க, நேராக அந்த அறைக்குப் போய்த் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள், இன்னொரு தடவையும் ஆட்டிப் பார்த்தாள், திரும்பி வந்தாள்.

"போட்டிருக்கும்மா," என்றாள்.