பிரேக் பிடித்தால் எரியும் பகவதி விளக்கு

வடசேரிச் சந்தைக்கு மேற்கே, ஒரு மரக்கடைக்கும் சோடாக் கம்பெனிக்கும் நடுவில் தகரக் கொட்டகை போட்டு, வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்துகொண்டிருந்தார் வைகுண்டராஜன். 1952-ல் நாகர்கோவிலில் அவரைத் தெரியாத டிரைவர் கிடையாது. அவருடைய தொழில் திறமையில் யாருக்கும் சந்தேகமும் கிடையாது. அதைப் பற்றி அவரே ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் சந்தேகப்பட யாருக்கும் இடைவெளி கிடைக்கவில்லை.

சண்டைக் காலத்தில் பெங்களூரில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் நாலு வருஷம் இருந்தவர். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, பாட்டரி முனைகளில் பூக்கும் பச்சைக் களிம்பைச் சுரண்டி வாஸ்லின் தடவுவது. ஊருக்குத் திரும்பிய ஆறு மாதத்தில் அது ஜீப் ஒயரிங் ஆயிற்று. அடுத்த வருஷம் டாங்கி ஒயரிங் ஆயிற்று. கர்னல் துரை ஒருவர் அவரைத் தோளில் தட்டி, நீ இல்லாவிட்டால் பர்மாவில் எங்கள் வண்டிகள் இருட்டில் நின்றிருக்கும் என்று சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. துரை அதை எந்த மொழியில் சொன்னார் என்பது ஒவ்வொரு முறையும் மாறும்.

ஆனாலும் வேலையை அவர் கற்றிருந்தார். பட்டாளத்து மெக்கானிக்குகள் செய்ததையெல்லாம் வாஸ்லின் டப்பாவோடு பக்கத்தில் நின்று பார்த்துப் படித்தது. சின்ன பல்பில் இரண்டு ஒயரை இணைத்துச் செய்த டெஸ்ட் லேம்பு ஒன்று எப்போதும் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும். டாக்டர் கழுத்தில் குழாய் போட்டிருப்பதுபோல அதோடுதான் கல்யாண வீட்டுக்கும் போவார். "ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணாம எந்த வண்டியும் எனக்க கொட்டகைய விட்டு எறங்காது" என்பது அவர் வாக்கு.

அந்த வருஷம் கோலப்பபிள்ளை பஸ் வாங்கினார். நாலு தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம். மச்சினன் கார் வாங்கிவிட்டான் என்பதைத் தவிர அவர் பஸ் வாங்க வேறு காரணம் இல்லை. நாகர்கோவிலுக்கும் ராஜாக்கமங்கலத்துக்கும் ஓடுவதற்கு அனுமதி கிடைத்தது. ஒயரிங் வேலை வைகுண்டராஜனிடம் வந்தது.

"ஏலே வைகுண்டராஜா, டிரைவருக்க தலைக்கு மேல பகவதி படம் வச்சிருக்கேன். அதுக்கு முன்னால ஒரு வெளக்கு எரியணும், கேட்டியா?" என்றார் கோலப்பபிள்ளை.

"ஏத்திரலாம் மொதலாளி. பட்டாளத்துல கர்னல் துரை ஜீப்புக்கு..."

"துரைக்க கதைய பொறவு சொல்லு. வெளக்கு எரியணும்."

வைகுண்டராஜன் அய்யா வழிக்காரர். நெற்றியில் நீண்ட நாமம் போடுபவர். அவர் வீட்டில் சாமி படம் என்று ஒன்றும் கிடையாது. கண்ணாடிக்கு முன்னால்தான் விளக்கு. ஆனாலும் தொழில் தொழில்தான். பின்பக்கச் சிவப்பு விளக்குக்குப் போகிற ஒயரிலிருந்தே ஒரு கிளை பிரித்துப் படத்து விளக்குக்குக் கொடுத்தார். சாயங்காலம் டிரைவர் சுவிட்சைத் தட்டினால் பின்னால் சிவப்பும் முன்னால் பகவதிக்கு வெளிச்சமும் சேர்ந்து வரும். அதே சிவப்பு விளக்குக்குப் பிரேக்கிலிருந்தும் தனியாக ஒரு ஒயர் உண்டு. வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து எல்லாவற்றையும் எரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதோடு விட்டிருந்தால் கதை இல்லை. பஸ்ஸின் பின்பக்கத்தில் தன் பெயர் இல்லையே என்று கோலப்பபிள்ளைக்குத் தூக்கம் வரவில்லை. பெயிண்டர் வந்தான். சிவப்பு விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, முதுகு முழுக்க மூன்று பூச்சு மஞ்சள் அடித்து, முதலாளி பெயரை எழுதி, பெயிண்டின் மேலேயே விளக்கைத் திரும்ப முடுக்கினான். எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று வண்டி கொட்டகைக்கு வந்தது. வைகுண்டராஜன் அப்போது இரண்டு லாரி டிரைவர்களுக்கு டாங்கி ஒயரிங் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை விடாமலே எழுந்து போய் ஹாரனை ஒரு தடவை அமுக்கினார், முன்விளக்கை ஒரு தடவை எரித்தார், பானெட்டில் ஒரு தட்டு. "வண்டி போட்டும்" என்றார். பின்பக்கம் போகவே இல்லை.

வண்டியில் விளக்கு எரிய ஒரு ஒயர் கரண்டைக் கொண்டுவந்தால் போதும். திரும்பிப் போவதற்கு வண்டியின் இரும்புதான் வழி. அதைத்தான் எர்த்து என்பார்கள். விளக்கின் அடி இரும்பைத் தொட வேண்டும். இங்கே நடுவில் மூன்று பூச்சு பெயிண்ட். பிரேக்கை மிதித்ததும் பின்விளக்குக்குப் போன கரண்டுக்குத் திரும்ப வழியில்லை. விளக்குக்குள்ளேயே புகுந்து சாயங்காலச் சுவிட்சின் ஒயரில் ஏறி, வந்த திசையிலேயே போய், கிளையைக் கண்டுபிடித்து, பகவதியின் முன்னால் போய் எரிந்தது. பின்னால் சிவப்பு விளக்கு செத்துக் கிடந்தது.

முதலில் கண்டவர் தாணம்மாள். ராஜாக்கமங்கலத்தில் மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை மருமகனைத் திட்டப் போய்வருகிறவர். நல்ல பகல். வயலிலிருந்து ஒரு கன்றுக்குட்டி ரோட்டில் பாய்ந்தது. டிரைவர் ஞானதாசன் பிரேக்கை மிதித்தார். படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு மாதிரி மங்கலாக, சிவப்பாக வெளிச்சம் வந்தது. கன்று தப்பியது. விளக்கு அணைந்தது.

"எனக்க அம்மே! பகவதி கண்ணத் தொறந்தா!" என்று தாணம்மாள் அலறினார். "கண்ணுக்குட்டிய காப்பாத்தினது ஆரு? அவதான்!"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் பகவதி கண்ணைத் திறந்தாள். ராஜாக்கமங்கலம் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். மறுவாரம் முன்னால் நிற்கிற பஸ்ஸை விட்டுவிட்டுக் கோலப்பபிள்ளை வண்டிக்காகக் காத்திருந்தார்கள். நல்ல காரியம் பேசப் போகிறவர்கள், பரீட்சை எழுதப் போகிறவர்கள், கேஸ் நடத்துகிறவர்கள் எல்லோரும் அதில்தான் ஏறினார்கள். ஒரு வக்கீல் குமாஸ்தா கோர்ட்டுக்கு எதிர்த் திசையில் போகிற பஸ் என்று தெரிந்தும் ஏறினார்.

ஞானதாசனுக்குத்தான் தர்மசங்கடம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறவர். விளக்கு தன் காலில் இருக்கிறது என்பதை இரண்டாம் நாளே கண்டுகொண்டார். "அண்ணே, இன்னொருக்க காட்டும்" என்று பெண்கள் கேட்பார்கள். அவர் மிதிப்பார். பின்னாலிருந்து குலவைச் சத்தம் வரும்.

"எனக்க காலைத்தான் எல்லாரும் கும்பிடுகாவ, வே" என்று வைகுண்டராஜனிடம் வந்து புலம்பினார். "பாஸ்டர் கேட்டா நான் என்ன சொல்லுகது?"

வைகுண்டராஜன் வண்டியின் பின்னால் போய்க் குந்தினார். டெஸ்ட் லேம்பை எடுத்து விளக்கின் அடியில் வைத்தார். ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அன்று பின்பக்கம் போகாதது நினைவுக்கு வந்து முகம் சுண்டியது. நேராகக் கோலப்பபிள்ளையிடம் போனார்.

"மொதலாளி, இது எர்த்து கோளாறு. பெயிண்ட சொரண்டினா தீந்துச்சு. அஞ்சு நிமிச வேல."

கோலப்பபிள்ளை நாற்காலியை நகர்த்திப் போட்டார். "இரியும்வே வைகுண்டராஜன்" என்றார். நேற்றுவரை 'ஏலே', இன்று 'இரியும்வே'. "ஆருட்ட எல்லாம் சொன்னீரு?"

"ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல."

"நல்லது. எனக்க வண்டியத் தொடாதயும். பகவதி ஒரு கோளாறு வழியா வரப்பிடாதுன்னு சட்டமா இருக்கு?"

"பின்னால செவப்பு லைட்டு எரியாது மொதலாளி. பொறத்த வாறவனுக்கு நாம நிக்கது தெரியாது."

"இம்மாம் பெரிய மஞ்ச பஸ்ஸு. எனக்க பேரு வேற எழுதியிருக்கு. கண்ணு தெரியாதவனா லாரி ஓட்டுகான்?"

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குப் பூஜை. மைக் வைத்திருந்தார்கள். பகவதிக்குத் தன் கையால் விளக்கு ஏற்றிய புண்ணியவான் என்று கோலப்பபிள்ளை வைகுண்டராஜனை மேடைக்குக் கூப்பிட்டு, சரிகை போட்ட ஒரு சால்வையைப் போர்த்தினார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வைகுண்டராஜன் மைக்கைப் பிடித்தார். கூட்டம் கை தட்டியது. கர்னல் துரை தட்டியதாகச் சொன்ன அந்தத் தோளில் நிஜமாகவே ஒரு சால்வை கிடந்தது. "எல்லாம் அவ செயல்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

வீட்டில் மனைவி முத்துக்கனி சால்வையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுல ஒரு படம் உண்டா?"

"இல்ல."

"ஊரானுக்க பஸ்ஸுல உள்ள படம் ஒங்களுக்குச் சால்வ போடுதோ? அந்தப் பெயிண்ட்காரனுக்குல்லா போட்டிருக்கணும். அவன்தானே எல்லாஞ் செய்தது?"

வைகுண்டராஜன் சாப்பிடாமல் படுத்தார்.

ஐப்பசி மாதம் ஒரு காலை. அறுத்த வயல்களில் மேய்ச்சலுக்குக் கொண்டுபோன வாத்துக் கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்தது. ஞானதாசன் பிரேக்கை மிதித்தார். முன்னால் பகவதி விளக்கு எரிந்தது. தாணம்மாள் கையெடுத்தார். பின்னால் கருவாடு ஏற்றி வந்த மத்தியாஸ் என்பவரின் லாரி பஸ்ஸின் முதுகில், கோலப்பபிள்ளையின் பெயரில், ஏறி நின்றது.

உயிர்ச்சேதம் இல்லை. பின் சீட்டில் இருந்த ஒரு வயசாளிக்கு நெற்றி கிழிந்தது. பஸ்ஸுக்குள் முழங்கால் அளவுக்குக் கருவாடு. ஒரு வாத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நசுங்கிய பஸ்ஸை வைகுண்டராஜனின் கொட்டகைக்கே உருட்டி வந்தார்கள். கூட்டமும் வந்தது. மத்தியாஸ் கத்திக்கொண்டே வந்தார்.

"பிரேக் போட்டா பொறத்த செவப்பு எரியாண்டாமா? எனக்கு எப்பிடி ஓய் தெரியும்?"

"பகவதி எரிஞ்சாளே!" என்றார் தாணம்மாள்.

"அம்மா, உள்ளுக்க எரிஞ்சா லாரியில இருக்கவனுக்குத் தெரியுமா? நான் என்ன பஸ்ஸுக்குள்ளயா இருந்தேன்?"

வைகுண்டராஜன் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. நெற்றியில் துண்டைச் சுற்றிக்கொண்டு மரக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த அந்த வயசாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு நனைந்துகொண்டே இருந்தது. பெயிண்ட் அடித்து வண்டி வந்த அன்று வைகுண்டராஜன் பின்பக்கம் நடந்திருக்க வேண்டியது எட்டுக் காலடி.

உள்ளே போய்க் கத்தியையும் திருப்புளியையும் எடுத்து வந்தார். விளக்கு உடையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றினார். மஞ்சள் பெயிண்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டினார். திரும்ப முடுக்கினார்.

"ஞானதாசன், மிதியும்."

பின்னால் சிவப்பு பளிச்சென்று எரிந்தது. முன்னால் படத்தில் ஒன்றுமில்லை.

"பாத்துக்கிடுங்க" என்றார் வைகுண்டராஜன். "பெயிண்டு மறிச்சதுனால கரண்டு அங்க போய் எரிஞ்சது. வேற ஒண்ணும் இல்ல. நான் டெஸ்ட் பண்ணாம விட்டேன். எனக்க பெழ. தெரிஞ்ச பொறவும் வாய மூடிட்டு இருந்தது அதவிட பெரிய பெழ."

கொட்டகை வைத்த நாள் முதல் அவர் பட்டாளத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் பேசியது அன்றுதான். அதனாலோ என்னவோ யாரும் நம்பவில்லை.

"இருந்தவள சொரண்டி எறக்கி விட்டுட்டானே பாவி!" என்று தாணம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். கூட்டம் ஆமாம் என்றது. காயம்பட்ட வயசாளியும் ஆமாம் என்றார்.

"ஏலே!" என்றார் கோலப்பபிள்ளை. பழைய மரியாதை திரும்பி வந்திருந்தது. "அவ இருக்கப்பட்ட வண்டியில நீ கத்திய வச்சிட்டேல்லா? இனி எனக்க வண்டிப் பக்கம் வந்தா கால ஒடிப்பேன்."

"லாரி இடிச்சது சொரண்டினதுக்கு முந்தில்லா மொதலாளி?" என்று கேட்டுப் பார்த்தார் வைகுண்டராஜன். காலக்கணக்கில் யாருக்கும் ஆர்வம் இல்லை.

இரண்டு மாதம் கொட்டகைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. மத்தியாஸ் மட்டும் தன் லாரியைக் கொண்டுவந்து முன்விளக்கு மாட்டிக்கொண்டு, ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு வைத்துவிட்டுப் போனார். முத்துக்கனி அதைக் குழம்பு வைத்தாள். கணவனை அந்தக் காலத்தில் அவள் ஒரு தடவைகூடக் குத்திப் பேசவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

தை பிறந்ததும் சிவதாணுபிள்ளை என்று இன்னொரு பஸ் முதலாளி வந்தார். ஆரல்வாய்மொழிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர். அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம வண்டியிலயும் அந்த மாதிரி ஒண்ணு செய்து தாரும்வே. அந்த எர்த்து இல்லாத வேல."

வைகுண்டராஜன் அவரைத் திட்டி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவும் வாயெடுத்தார். பிறகு இரண்டு நாள் அவகாசம் கேட்டார். பிரேக் சுவிட்சிலிருந்து படத்து விளக்குக்குத் தனி ஒயர் இழுத்தார். இரண்டு விளக்குக்கும் அடியில் இரும்பைச் சுத்தமாகச் சுரண்டி எர்த்து கொடுத்தார். மிதித்தால் முன்னால் முருகன், பின்னால் சிவப்பு. பின்பக்கம் போய் நின்று நாலு தடவை பார்த்தார்.

மூன்று வருஷத்தில் பதினோரு பஸ்ஸுக்கு அப்படிச் செய்தார். அதில் ஒன்றில் மாதா படம். பதினோரு வண்டிகளும் பெயர் பெற்ற வண்டிகள் ஆயின. எந்த வண்டியையும் யாரும் பின்னால் வந்து இடிக்கவில்லை.

1956 நவம்பரில் நாகர்கோவிலைச் சுற்றியுள்ள தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தபோது திருநெல்வேலியிலிருந்து புது பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். சிவதாணுபிள்ளை வண்டியில் பிரேக்கை மிதிக்கச் சொன்னார், முருகனைப் பார்த்தார், வைகுண்டராஜனைப் பார்த்தார்.

"இது என்னய்யா லைட்டு?"

"பின்னால பிரேக் லைட்டு எரியுதான்னு டிரைவருக்குத் தெரியாண்டாமா சார்? அதுக்குத்தான் இந்தச் சோதனை வெளக்கு. பட்டாளத்துல டாங்கிகளுக்கு இப்பிடித்தான் வைப்பாங்க."

இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.