சாராள் தேடிய புத்தகம்

சாராளை நம்ப வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மறைமலைநகரில் காருக்கு இரும்பு வளையம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக அவளும் நானும் ஒரே மேசையில் சரிபார்க்கும் வேலை செய்கிறோம். நான் அளந்து நல்லதென்று தள்ளிய வளையத்தை, நான் தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து மறுபடி அளப்பாள். ஒரு நாள் பார்த்துவிட்டேன். "எம் மேலயே சந்தேகமாடி?" என்றேன். "ஒம் மேல இல்ல கண்ணகி, வளையத்து மேல," என்றாள். தக்காளிக்காரர் தராசு, பஸ் டிரைவர் சொல்லும் நேரம், போனில் வரும் செய்தி, எல்லாமே அவளுக்குச் சந்தேகம்தான். சந்தேகப்படாத ஒரே பொருள் அவளுடைய கறுப்பு அட்டை வேதாகமம். டிராயிங்கில் இல்லாத துளை வளையத்தில் இருந்தால் சிவப்புப் பெட்டியில் போடுவோம். வேதத்தில் இல்லாத பேச்சையும் அவள் அப்படித்தான் தூக்கிப் போடுவாள்.

அவள் புருஷன் ஜான்சன் கோவளத்துக்காரர். ஆர்.சி. கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்துக்காகச் செங்கல்பட்டில் இருந்த சாராளின் புராட்டஸ்டன்ட் சபைக்கு மாறி வந்தார். லோடு வண்டி ஓட்டினார். குடிக்காத நாளில் தங்கமான மனுஷன். கடைசி மூன்று வருஷம் குடிக்காத நாளே கிடையாது, சபைப் பக்கமும் தலை காட்டவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இவளோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிப் போனவர் பைபாஸில் லாரி அடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடக்கத்தின்போது பாஸ்டர், மனந்திரும்ப உயிரோடு இருக்கும்வரைதான் தவணை, செத்த பிறகு யார் ஜெபித்தும் பலனில்லை என்று பேசினார். இருக்கிறவர்களுக்குப் புத்தி சொல்லத்தான் சொன்னார். இவளோ அதை அப்படியே நெஞ்சில் ஏற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து ஜெபத்தில் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ஒரு நாள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். "அவருக்காக ஒரு வார்த்தை கேக்கணும் போல கீது கண்ணகி. கேக்கக் கூடாது." எங்கள் வீட்டில் அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிறோம். அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று என் மாமியாரைக் கேட்டால் கரண்டி பறக்கும்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜான்சனின் அண்ணன் தேவசகாயம் வந்தார். நானும் அப்போது சாராள் வீட்டில்தான் இருந்தேன். ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாடு கொண்டு வந்திருந்தார். சாராள் பையைப் பிரிக்கவே இல்லை. இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத மனுஷன் இப்போது எதற்கு வந்தார் என்பது போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாள் வருது சாராளு. செத்தவங்க பேரை எழுதிக் குடுத்தா ஃபாதர் படிச்சு வேண்டிக்குவாரு. தம்பி பேரும் குடுக்கலாம்னு…"

"எதுக்கு? செத்த மனுஷனத் திருப்பி உங்க கோயிலுக்கு இஸ்துக்கினு போறதுக்கா?"

"அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்லம்மா. அவன் ஆத்துமாவுக்கு நல்லது."

"வேதத்துல எங்க கீது?"

தேவசகாயம் தலையைச் சொறிந்தார். "கீதும்மா. மக்கபேயர் ரெண்டாம் புத்தகம், பன்னெண்டாவது அதிகாரம். ஃபாதர் பிரசங்கத்துல சொல்லிக்கீறாரு. அது இல்லன்னாலும் எங்க தாத்தன் காலத்துலருந்து செஞ்சிக்கினுதானே வர்றோம்?"

சாராள் வேதாகமத்தை எடுத்து அட்டவணையில் விரல் வைத்தாள். ஆதியாகமத்தில் தொடங்கி மல்கியா வரை வந்தாள். புதிய ஏற்பாட்டையும் விடவில்லை. அப்படி ஒரு புத்தகமே இல்லை. சின்ன வயசில் ஓய்வுநாள் பள்ளியில் அறுபத்தாறு புத்தகத்தின் பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பித்தவள் அவள்.

"இன்னா மாமா, இல்லாத புத்தகத்தச் சொல்லி ஏமாத்தப் பாக்குறீங்களா? அவரு பேரக் குடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்." கருவாட்டுப் பையையும் அவர் கையில் திணித்து அனுப்பினாள். வயசான மனுஷன், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். எனக்கு அவமானமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் தன் வீட்டு பைபிளோடு திரும்ப வந்தாராம். மறுநாள் பஸ்ஸில் சாராள் சொன்னாள். நடுவில் பக்கங்களைச் சொருகி ஒட்டியிருக்கிறார்களா என்று தையலை விரித்துப் பார்த்தாளாம். பக்க எண் விடாமல் ஓடுகிறதா என்று பார்த்தாளாம். ஒரு கோளாறும் அகப்படவில்லை. மொத்தம் எழுபத்து மூன்று புத்தகம். அதில் மக்கபேயரும் இருந்தது, பன்னிரண்டாவது அதிகாரமும் இருந்தது. போரில் செத்த வீரர்களின் உடுப்புக்குள் சிலைத் தாயத்து கிடைக்கிறது. செய்யக்கூடாததைச் செய்துவிட்டுச் செத்தவர்கள். ஆனாலும் தலைவன் அவர்களுக்காக வேண்டுகிறான், அவர்கள் பாவத்துக்காக எருசலேமில் பலி கொடுக்க ஏற்பாடு செய்கிறான்.

"அவங்களும் தப்புப் பண்ணிட்டுச் செத்தவங்கதான் கண்ணகி," என்றாள். குரல் இறங்கியிருந்தது. அப்பாடா, மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். எங்கே! "ஆனா ஏழு புத்தகம் ஏன் அதிகமா கீது? யாரு சேத்தது? அதான், நான் சொல்ற வரிக்கும் பேரு குடுக்காதீங்கன்னு அனுப்பிட்டேன்," என்றாள்.

புதன்கிழமை பாஸ்டரிடம் போனாள். துணைக்கு நான். அவர் பொறுமையாகத்தான் பேசினார். "அதெல்லாம் தள்ளுபடி ஆகமம்மா. யூதருடைய எபிரெய வேதத்துல அது இல்லை. கத்தோலிக்கர் சபையோட பாரம்பரியத்தையும் வேதத்தோட சேர்த்து வெச்சுப் பார்ப்பாங்க. நமக்கு வேதம் போதும்."

"சரிங்க ஐயா. புத்தகம் அறுபத்தாறுதான்னு எந்த வசனத்துல போட்டுக்கீது?"

பாஸ்டர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "வசனமா இல்லம்மா. பெரியவங்க ஆராய்ஞ்சு, ஜெபத்தோட ஏத்துக்கிட்டது."

"அப்ப இதுவும் பெரியவங்க சொன்னதுதானே ஐயா?"

"பெரியவங்க உண்டாக்கலம்மா. தேவன் கொடுத்தது எதுன்னு அடையாளம் கண்டாங்க."

"அவங்களும் அதத்தானே ஐயா சொல்லுவாங்க?"

வெளியே வந்தபோது அவள் முகம் கறுத்திருந்தது. "ரெண்டு பேரும் சத்தியம்ங்குறாங்க. ரெண்டு அட்டவணையும் மனுஷன் போட்டதுதான். நான் யாரத்தான் நம்புறது?"

"ரெண்டையும் வுட்டுத் தள்ளு. ஒனக்குக் கேக்கணும்னு கீது. கேளேன்."

"கேக்கக் கூடாதத கேட்டு, அவருக்கு இன்னும் கெட்டதாயிட்டா?"

இந்தப் பயத்தைத்தான் இரண்டு வருஷமாக மடியில் கட்டிக்கொண்டிருக்கிறாளா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நவம்பர் இரண்டாம் தேதி மத்தியானம் லீவு போட்டுவிட்டு, "வா, கோவளம் போலாம்," என்றாள்.

"எதுக்குடி?"

"நான் வேணாம்னு சொன்னாலும் மாமா பேரக் குடுத்துட்டுருப்பாரு. ஃபாதர் படிக்கறப்ப கையும் களவுமா புடிக்கணும். அப்பத் தெரியும், இவங்க யோக்கியத."

கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம். ஒவ்வொரு கல்லறை மேலும் சாமந்தி. கடல் காற்றில் மெழுகுவத்தி நிற்காமல் அணைந்துகொண்டே இருந்தது, பிள்ளைகள் கையால் மறைத்து மறுபடி மறுபடி கொளுத்தினார்கள். சாராள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு, திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் மாதிரி நின்றாள். ஃபாதர் மைக்கில் பெயர்களைப் படிக்கத் தொடங்கினார். ஜார்ஜ் என்றபோது இவள் நிமிர்ந்தாள். ஜேக்கப் என்றபோதும் நிமிர்ந்தாள். ஜோசப் என்று மூன்று பேர் வந்தார்கள். பட்டியல் நீண்டது. கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்ததோ தெரியாது, என் மணிக்கட்டை நெறித்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் தாளை மடித்தார். ஜான்சன் வரவில்லை.

இனி திருப்தியாக வீட்டுக்குப் போகலாம் என்று நான் நினைத்தேன். அவளோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு தேவசகாயத்திடம் போனாள். "மாமா, அவரு பேரு எங்க?"

அவர் திகைத்துப் போனார். "நீதானேம்மா குடுக்கக் கூடாதுன்ன? அவன் பொஞ்சாதி நீ. ஒன் வார்த்தைய மீறி நான் எப்படிம்மா குடுப்பேன்?"

"நான் ஆயிரம் சொல்லுவேன்! கூடப் பொறந்தவரு நீங்க, அப்படியே வுட்டுருவீங்களா?" அவர் தோள் துண்டைப் பிடித்து உலுக்கினாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாதர் தாளைத் திரும்பப் பிரித்துக்கொண்டு கிட்டே வந்தார். "யார் பேரும்மா வுட்டுப்போச்சு?"

தேவசகாயம் வாயைத் திறப்பதற்குள் சாராள் அந்த மணலிலேயே முழங்கால் போட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கர்த்தாவே, ஜான்சன்," என்றாள்.